பன்னிரண்டு நிமிடத் தன்னுரையும் ஒரு கொப்பரைப் பாகும்

2025 ஜனவரி 31, வெள்ளிக்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். பொள்ளாச்சியிலிருந்து வந்த பேருந்து கோபாலபுரம் சோதனைச் சாவடியைக் கடந்த கணத்தில் நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து இந்த நேரத்தை மனத்தில் பதித்துக்கொண்டேன். வேற்று மாநிலத்துக்குள் முதன்முறையாகத் தனியே நுழையும் ஒருத்திக்கு அத்தகைய கணங்கள் முக்கியமானவை. பக்கத்து இருக்கையில் பூக்கூடையோடு அமர்ந்திருந்த பெண்ணுக்கு அது முக்கியமாகப் படவில்லை. அவர் நாள்தோறும் இருமுறை அந்த எல்லையைக் கடப்பவர், கடக்கும்போது உறங்கிக்கொண்டிருந்தார்.

கோவையில் என் அம்மா என்னைக் கடல் கடந்து அனுப்புவதுபோலத்தான் வழியனுப்பினாள். பையில் புளியோதரை, இஞ்சி மிட்டாய், காய்ச்சல் மாத்திரை, ஒரு பூட்டு. பூட்டு எதற்கு என்று கேட்டேன். "இருக்கட்டும்" என்றாள். பேருந்திலிருந்து இறங்கிய இடத்தில் தேநீர்க் கடைக்காரரிடம், எனக்குத் தெரிந்த மலையாளத்தையெல்லாம் திரட்டி ஒரு தேநீர் கேட்டேன். அவர் சற்று நேரம் என்னைக் கவனமாகப் பார்த்துவிட்டு, "சர்க்கரை போடலாமுங்களா, அம்மிணி?" என்றார். என் வெளிநாட்டுப் பயணம் இவ்வாறு தொடங்கியது.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் தமிழ் இலக்கியம் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மனநோய் பற்றிய அச்சத்தையும் இழிவையும் போக்கும் பொருட்டு நான் எழுதிய 'சிதைவும் சீர்மையும்' என்ற நாடகம், கல்லூரிப் போட்டி ஒன்றில் ஆறுதல் பரிசு பெற்றது. ஆறுதல் யாருக்கு என்பது விளக்கப்படவில்லை. அந்தப் போட்டிக்குப் பார்வையாளராக வந்திருந்தவர் ரமணி மாமா. பாலக்காடு கல்பாத்தியைச் சேர்ந்தவர். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். எல்லையோர ஊர்களில் மனநலம் குறித்து வீதி நாடகம் போடுவதைச் சில ஆண்டுகளாகத் தன் வேலையாக வைத்துக்கொண்டிருப்பவர். என் நாடகத்தைக் கேட்டு வாங்கினார். நானும் கூட வருவேன் என்று நிபந்தனை விதித்தேன். ஒரு சொல்லும் மாறக்கூடாது என்பது இரண்டாவது நிபந்தனை.

குழு என்றால் மூவர். மருத்துவராகவும் கணவனாகவும் ரமணி மாமா. நோயுற்ற பெண்ணாகத் தேன்மொழி. எருத்தேன்பதியில் தென்னந்தோப்பும் மாடுகளும் உள்ள குடும்பத்தைச் சேர்ந்தவள், காலையில் பால் கறந்துவிட்டு ஒத்திகைக்கு வருபவள். திரைக்குப் பின்னாலிருந்து வசனம் எடுத்துக்கொடுப்பவளாக நான். திரை இல்லை என்பதால் அனைவரும் பார்க்கும்படி ஓர் ஓரத்தில் அமர்ந்திருந்தேன்.

எருத்தேன்பதியில் தேன்மொழியின் வீட்டில் காலை உணவு. இடியாப்பம்போல் பிழிந்த சந்தகையும் தேங்காய்ப் பாலும். மூன்றாவது முறை போதும் என்று கையை மறைத்தபோது அவள் அம்மா, "கூச்சப்பட்டுட்டு கெடக்காதீங்க கண்ணு, நாடகம் போடறதுக்குத் தெம்பு வேணுமுங்கல்ல" என்று விரலிடுக்கு வழியாகப் பரிமாறினார். நான் நடிக்கவில்லை, எழுதியவள் மட்டும்தான் என்றேன். "அப்புறம் எதுக்குங்க அத்தன தூரத்துல இருந்து வந்தீங்க?" என்று அவர் கேட்டதில் கேலி ஏதும் இல்லை. 

தேன்மொழிக்கு என் நாடகத்தில் ஒரே ஒரு குறை. இறுதியில் வரும் தன்னுரை. அது பன்னிரண்டு நிமிடம்.

"ஏனுங்க," என்றாள், தாளைக் கையில் வைத்துக்கொண்டு. "'என் அகத்தின் சுவர்களில் நானே எழுதிய நிழல்களே, நீங்கள் எந்த ஒளியின் பிள்ளைகள்?' இதைய யாருகிட்டச் சொல்றதுங்க?"

"நிழல்களிடம்."

"நெழலுக்குப் புள்ளைங்களா?"

"நிழல்கள்தான் பிள்ளைகள். ஒளி தாய்."

அவள் தாளை மடித்தாள். "சரிங்க. எங்க அப்பத்தா செத்தன்னைக்கு நெனச்சுட்டுச் சொல்லிப்போடறேன். அழுகை வந்துருமுங்க."

ரமணி மாமா கல்பாத்தியிலிருந்து ஒரு தூக்கு நிறைய மொளகூட்டலோடு வந்து சேர்ந்தார். பருப்பும் தேங்காயும் அரைத்துவிட்ட அந்தக் கீரைக் கூட்டைச் சோற்றில் பிசைந்தபடி அவரும் தன்னுரையைத்தான் தொட்டார்.

"கொழந்தே, நாடகம் நன்னாருக்கு. அந்தக் கடைசி மட்டும் கொஞ்சம் கத்தரிச்சா என்ன, கேட்டியா?"

"அதுதான் மாமா நாடகத்தின் உயிர்."

"உயிர் இருக்கட்டும். உடம்பு ரொம்ப நீளமான்னா இருக்கு."

நான் மறுத்துவிட்டேன். என் மறுப்பில் பணிவு இருந்தது, தளர்வு இல்லை. இந்த வாக்கியத்தை அன்று மாலையே மனத்துக்குள் எழுதி வைத்துக்கொண்டேன்.

கேரளத்தில் எந்த நிகழ்ச்சிக்கும் முன்னால் ஒலிபெருக்கி கட்டிய வண்டி ஊரைச் சுற்றிவரும். அறிவிப்பாளரின் குரல் ஒவ்வொரு சொல்லையும் இழுத்து, மடக்கி, கடைசியில் ஒரு குலுக்கலோடு விடும். எங்களுக்காக ஓர் ஆட்டோ ஏற்பாடாகியிருந்தது. தமிழ் பேசும் பஞ்சாயத்து என்பதால் அறிவிப்பை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. எழுதினேன்: "மனநோயால் அவதியுறும் பெருமக்களும் அவர்தம் குடும்பத்தாரும் திரளாக வந்து, முன்வரிசையில் அமர்ந்து, பயனுறுமாறு அன்புடன் அழைக்கிறோம்."

இலக்கணப்படி இதில் குறையில்லை. ஆட்டோ அதை முழங்கிக்கொண்டு ஊரை மும்முறை சுற்றியது.

மாலை ஐந்தரைக்கு, பால் சொசைட்டிக்கு எதிரே உள்ள வெளியில், சிவப்பு நாற்காலிகள் வரிசையாக நின்றன. அவற்றில் யாரும் இல்லை. முன்வரிசையில் ஒரு நாய் வந்து படுத்தது; அதையும் அதன் வீட்டார் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார்கள்.

ஆனால் ஊர் முழுவதும் அங்கேதான் இருந்தது. தேங்காய் மட்டைக் குவியலுக்குப் பின்னால் சிலர். சொசைட்டி வாசலில், கறந்த பாலை ஊற்றி முடித்துவிட்டும் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே நின்ற சிலர். நீலக் குடத்தோடு ஒரு பெண் எங்கள் முன்னால் மீண்டும் மீண்டும் நடந்துபோனார். குடத்தில் தண்ணீர் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நாற்காலிகளுக்கு அருகிலேயே ஒருவர் ஸ்கூட்டரைச் சாய்த்துப் போட்டு, நாடகம் தொடங்கியதிலிருந்து முடியும்வரை ஒரே நட்டை முடுக்கிக்கொண்டிருந்தார்.

தன்னுரை தொடங்கியதும் மட்டைக் குவியலுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது: "இது எப்பங்க முடியும்?" இன்னொரு குரல்: "சும்மா இரு மாமா, அந்தப் புள்ள அழுகுது."

முடிந்ததும் ஸ்கூட்டர்காரர் கையைத் துடைத்துக்கொண்டு ரமணி மாமாவிடம் வந்தார்.

"முடிஞ்சுதுங்களா? நான் வண்டி பாத்துட்டு இருந்தனுங்க, ஒண்ணும் கேக்கல."

"முடிஞ்சாச்சு."

"அந்தப் புள்ள மூணாவது மாசம் மாத்திரைய நிறுத்திப்போட்டு மறுக்கா முடியாமப் போச்சுன்னு சொன்னீங்கல்ல. அது நெசமாலுமே அப்பிடித்தானுங்களா?"

ஒன்றும் கேட்காதவருக்கு அந்த மூன்றாவது மாதம் எப்படித் தெரிந்தது என்று நான் சுட்டிக்காட்ட வாயெடுத்தேன். ரமணி மாமா என் காலை மிதித்தார். அவரே தாழ்ந்த குரலில் விடை சொன்னார்: மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது, நன்றாகிவிட்டது என்று தோன்றும் நேரத்தில்தான் கவனம் வேண்டும், மாதம் ஒருமுறை அரசு மருத்துவமனைக்கு மனநல மருத்துவர் வருகிறார். ஸ்கூட்டர்காரர் கேட்டுக்கொண்டார். "சிநேகிதன் ஒருத்தனுக்காகக் கேட்டனுங்க" என்று சொல்லி வண்டியைக் கிளப்பினார். வண்டி முதல் உதையிலேயே கிளம்பியது.

இருட்டுவதற்குள் நாற்காலிகளை அடுக்கினோம். அப்போது ரமணி மாமா சொன்னார்: "உன் அறிவிப்பைக் கேட்டப்பறம் அந்த நாற்காலில எவன் உக்காருவான்? உக்காந்தா மறுநாள் அவாத்துப் பொண்ணுக்கு வரன் வராது."

நான் அடுத்த நாற்காலியை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"என் தம்பி இருந்தான். எங்காத்து மாடியிலேயே இருந்தான். வந்தவா கேட்டா, அவன் பம்பாயில வேலையா இருக்கான்னு சொல்லுவோம். ரயில்ல ஏறினதே இல்லை அவன். செத்ததுக்கு அப்பறமும் சிலபேர் என்னண்ட, பம்பாயில எந்த எடத்துல இருந்தார்னு கேட்டா. நானும் தாதர்னு சொன்னேன்." நாற்காலியைத் தட்டித் தூசு போக்கினார். "பாக்கறதைப் பாக்காத மாதிரி பாக்கத்தான் நம்ம ஜனங்களுக்குத் தெரியும். அதனால அவாளுக்குக் கையில ஒரு வேலை இருக்கணும். அடுத்தது நாற்காலியே கூடாது, கேட்டியா?"

அடுத்தது மலைமேல் உள்ள மறையூர்.

மறுநாள் உடுமலைப்பேட்டையில் பேருந்து மாறினோம். எங்கள் தகரப் பெட்டி கூரையில் ஏறியது. சின்னாறு வனச் சாவடியில் பேருந்து நின்றது. பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்க்க வந்த காவலர், பெட்டியை இறக்கச் சொன்னார். திறந்தார். ஒரு வெள்ளை மேலங்கி, ஒரு பொய்மீசை, இரண்டு முழ இரும்புச் சங்கிலி, அம்மாவின் பூட்டு. சங்கிலியும் பூட்டும் நோயுற்ற பெண்ணைக் கட்டிவைக்கும் காட்சிக்கானவை. பூட்டு இறுதியில் பயன்பட்டதில் எனக்கொரு திருப்தி இருந்தது.

காவலர் எங்கள் மூவரையும் நிதானமாகப் பார்த்தார். "யாரைக் கட்டப் போகிறீர்கள்?" என்று மலையாளத்தில் கேட்டார்.

நாடகம் என்று ரமணி மாமா விளக்கினார். சான்று உண்டா என்றார் காவலர். நான் முன்வந்து கையெழுத்துப் படியை நீட்டினேன். தமிழ் வாசிக்கத் தெரியாது, நீயே வாசி என்று சைகை காட்டினார். தன்னுரையைத் தேர்ந்தேன். நடுவழியில் நின்ற பேருந்தின் நிழலில், உரிய ஏற்ற இறக்கங்களுடன், என் அகத்தின் சுவர்களையும் நிழல்களையும் விளித்தேன். இரண்டாவது வாக்கியம் முடிவதற்குள் காவலர் பெட்டியைத் தாமே மூடி, தாமே தூக்கிக் கொடுத்து, "போங்கள், போங்கள்" என்றார். பேருந்திலிருந்த ஒரு கிழவர் ஜன்னல் வழியாக, "தாயி, அந்தப் புள்ளைக்கு என்ன செய்யுது?" என்று தேன்மொழியிடம் கேட்டார். "ஒண்ணுமில்லீங்க, படிக்கிற புள்ள" என்றாள் அவள்.

மறையூரில் மழை மறைவுப் பக்கத்தின் வெயில். சரிவெங்கும் கரும்பு, நடுநடுவே சர்க்கரை ஆலைகள்; இங்கே சர்க்கரை என்றால் வெல்லம். ஆலை என்றால் புகைபோக்கியும் சங்கும் உள்ள ஒன்றை எண்ணியிருந்தேன். ஓலையும் தகரமும் வேய்ந்த ஒரு கொட்டகை. ஓரத்தில் சாறு பிழியும் இயந்திரம். தரையில் அடுப்பின் மேல் ஒரு குடும்பமே குளிக்கக்கூடிய அகலத்தில் கொப்பரை. அதற்கு அப்பால், காய்ச்சிய பாகை ஊற்றும் மரத்தொட்டி. தொட்டியைச் சுற்றி உட்கார்ந்து, பாகு இறுகுவதற்குள் கையால் உருண்டை பிடிக்கிறார்கள். வெளியே முற்றம் நிறையக் கரும்புச் சக்கை காய்கிறது. அதுதான் அடுப்புக்கு எரிபொருள். எங்கள் ஊரில் வெல்லம் அச்சில் வார்த்த ஒழுங்கோடு வரும். இங்கே ஒவ்வோர் உருண்டையிலும் விரல் பதிந்த பள்ளங்கள் இருந்தன.

ஆலையை நடத்துபவர் செல்லத்துரை. கொதிக்கும் பாகைத் துளியாகத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பதம் பார்ப்பவரும் அவரே. ரமணி மாமாவுக்கு முன்பே தெரிந்தவர்.

"போடுங்க, வேணாங்கலை. ஆனா ஒண்ணு. கொப்பரை கொதிக்கிற நேரந்தான் உங்க நேரம். பதம் வந்துருச்சுன்னா நாடகமாவது, நாட்டியமாவது. எல்லாரும் உருட்டப் போயிருவாக" என்றார்.

ரமணி மாமா கணக்குப் போட்டு என்னைப் பார்த்தார். தன்னுரை இல்லாவிட்டால் நாடகம் கொதிநேரத்துக்குள் தாராளமாக அடங்கும். நான் தொலைவிலுள்ள மலையைப் பார்த்தேன். மலை அழகாக இருந்தது.

எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சக்கை முற்றத்துக்குப் போனேன். முப்பது வயதிருக்கும் ஒரு பெண் நீண்ட கழியால் சக்கையைக் கிளறிக்கொண்டிருந்தாள். பெயர் அன்னக்கிளி. நாளைக்கு நாடகம் பார்க்க வருமாறு அழைத்தேன்; முந்தைய அழைப்பில் கற்ற பாடத்தின்படி, மிகச் சுருக்கமாக.

"இங்கேருந்தே கேக்கும்க்கா. நான் கொட்டகைக்குள்ள வாரதில்ல."

"ஏன்?"

"முன்ன தொட்டியிலதான் உருட்டிக்கிட்டு இருந்தேன். பேச்சியக்காவுக்குப் பக்கத்துல, சொவத்தோரம். போன வருசம் எனக்கு முடியாமப் போச்சு. தூக்கமே இல்ல. என்னென்னமோ பேசுனேனாம். ஆசுபத்திரியில வச்சுப் பாத்தாக. நல்லாயிட்டேன்." கழியை ஊன்றி நின்றாள். "வந்தப்ப கை நடுங்கிச்சு. மாத்திரையாலதான். சூடு பட்டுரும், நீ கொஞ்ச நாள் சக்கையப் பாருன்னாரு செல்லத்துரை அண்ணாச்சி. நல்ல மனுசந்தான், கெட்ட எண்ணமில்ல. டாக்டர் மாத்திரைய மாத்திக் குடுத்தாரு, நடுக்கம் நின்னு போச்சு. நானும் ரெண்டு தடவ கேட்டுப் பாத்தேன். 'கை நடுங்குதுல்லத்தா'ங்காரு. கையப் பாக்கவே இல்ல, சொல்லுதாரு."

கையை நீட்டிக் காட்டினாள். அது அசையாமல் இருந்தது. நான் என் கையையும் நீட்டினேன், ஏன் என்று தெரியவில்லை. என் கை சற்று நடுங்கியது.

"ஒங்களுக்கும் மாத்திரையா?" என்றாள்.

"இல்லை. கூச்சம்."

அவள் சிரித்தாள். கொட்டகை வாசலில் வைத்திருந்த எங்கள் பெட்டி திறந்திருந்ததால் சங்கிலி அவள் கண்ணில் பட்டது. எதற்கு என்று கேட்டாள். சொன்னேன். "என்னைய யாரும் கட்டலக்கா. எங்க வீட்டுக்காரரு ராத்திரி பூரா கதவுக்கிட்டயே உக்காந்திருந்தாரு. அவரு உக்காந்தே தூங்கிட்டாரு, நாந்தான் முழிச்சிருந்தேன்." இதை அவள் ஒரு வேடிக்கையாகத்தான் சொன்னாள். சாப்பிட்டுவிட்டு வந்து எனக்குப் பின்னால் நின்ற தேன்மொழி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் நாடகத்தில் சங்கிலி வரவில்லை. எடுத்து வைக்க மறந்துவிட்டதாகச் சொன்னாள். அவள் எதையும் மறக்கிறவள் அல்லள்.

ஞாயிற்றுக்கிழமை என்பது கரும்புக்குத் தெரியாது. பிற்பகலில் சாறு கொப்பரையில் ஏறியதும் தொடங்கினோம். நாற்காலி இல்லை, பதாகை இல்லை, அறிவிப்பும் இல்லை. உருட்டுகிறவர்கள் தொட்டியைத் துடைத்துக்கொண்டும், சாக்கு மடித்துக்கொண்டும், வெற்றிலை கிழித்துக்கொண்டும் இருந்தார்கள். பேச்சியம்மாளுக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தது. அங்கே ஒரு மடித்த சாக்கு மட்டும் கிடந்தது. முற்றத்தையும் கொட்டகையையும் பிரிக்கும் அரைச்சுவருக்கு மேலாக அன்னக்கிளியின் கழி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

எருத்தேன்பதியைப் போலன்றி இவர்கள் வாயைத் திறந்து பேசினார்கள். கணவன் மனைவியைப் பேயோட்ட அழைத்துப்போகும் இடத்தில், "அந்த ஆளத்தான் மொதல்ல ஓட்டணும்" என்றார் பேச்சியம்மாள். ரமணி மாமா மருத்துவராக வந்து, இது உடம்பில் வரும் மற்ற நோய்களைப் போன்ற ஒன்று, மருந்து உண்டு, வேலைக்குத் திரும்பலாம் என்று சொன்னபோது, "எத்தன பேரு வேலை குடுப்பாக?" என்று ஒரு குரல் எழுந்தது. ரமணி மாமாவுக்கு நான் அதற்கு வசனம் எழுதித்தரவில்லை. அவர் செல்லத்துரையைப் பார்த்தார். செல்லத்துரை கொப்பரையைப் பார்த்தார்.

பிறகு தன்னுரை.

தேன்மொழி முடியை அவிழ்த்துவிட்டு, அப்பத்தாவை நினைத்துக்கொண்டு தொடங்கினாள். கொப்பரையிலிருந்து எழுந்த ஆவி அவளைச் சூழ்ந்தது. என்னால் இதைவிடச் சிறந்த ஒளியமைப்பைக் கற்பனை செய்திருக்க முடியாது. அவள் உண்மையாகவே அழுதாள். கையிலிருந்த தாளைக்கூட நான் பார்க்கவில்லை. செல்லத்துரையின் முகத்தைத்தான் பார்த்தேன். அவர் தேன்மொழியையும் கொப்பரையையும் மாறி மாறிப் பார்த்தார். உதடுகள் துடித்தன. ஏதோ சொல்ல முற்பட்டு அடக்கிக்கொண்டார். கண்கள் கலங்கியிருந்தன. படித்திராத ஒரு மனிதரின் உள்ளத்தை என் உரைநடை உலுக்குகிறது என்று நான் முடிவு செய்தேன். கோவைக்குப் போனதும் என் பேராசிரியரிடம் இதை எந்தச் சொற்களில் கூறுவது என்றுகூட யோசித்துவிட்டேன்.

தேன்மொழி கடைசிச் சொல்லைச் சொல்லிக் கைகூப்பினாள்.

"எறக்கு! எறக்குங்கடா!" என்று செல்லத்துரை அலறினார். "பதம் தாண்டிருச்சு!"

கொப்பரை நெம்பப்பட்டது. பாகு தொட்டியில் விழுந்தபோது அதன் நிறம் எனக்கே தவறாகத் தெரிந்தது. வழக்கமாக ஆறுவதற்கு நேரம் தரும் பாகு, இப்போது ஓரங்களில் அப்போதே இறுகத் தொடங்கியிருந்தது.

"கை பத்தாது, கை பத்தாது! எல்லாரும் வாங்க! ஏ டாக்டரே, கிண்டும்யா!"

ரமணி மாமா வெள்ளை மேலங்கியோடு துடுப்பைப் பிடித்தார். தேன்மொழி அவிழ்த்த முடியை ஒரு சுற்றில் முடிந்துகொண்டு உட்கார்ந்தாள். என்னையும் யாரோ தோளில் அழுத்தி உட்கார வைத்தார்கள். கையை நனைத்துக்கொண்டு பாகை அள்ளினேன். அது சூடு என்று எனக்குத் தெரியும். எவ்வளவு சூடு என்று தெரிந்திருக்கவில்லை. என் வாயிலிருந்து வெளிப்பட்ட ஒலி எந்த இலக்கணத்திலும் அடங்காது.

"மெல்ல, மெல்ல," என்றார் பேச்சியம்மாள் தலை நிமிராமல். "இது என்னத்தா, உருண்டையா, கோழி மிதிச்ச சாணியா?"

அப்போது அரைச்சுவருக்கு மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்த கழி நின்றுவிட்டது. அன்னக்கிளி உள்ளே வந்தாள். அவளை யாரும் அழைக்கவில்லை. குடத்து நீரில் முழங்கைவரை கழுவினாள். நேரே சுவரோரம் போய், மடித்த சாக்கை உதறிப் போட்டு உட்கார்ந்தாள். பேச்சியம்மாள் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. முழங்காலை மட்டும் சற்று நகர்த்திக்கொண்டார்.

"சீக்கிரம் ஆத்தா. பாறையாப் போகுது."

"தெரியுதுல்லக்கா. தள்ளு."

செல்லத்துரை பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவருக்குத் தடுக்க நேரமில்லை. எனக்கோ மூச்சு விட நேரமில்லை. அதன்பின் கொட்டகையில் உள்ளங்கைகளின் ஒலி தவிர வேறொன்றும் இல்லை. அன்னக்கிளியின் பக்கம் உருண்டைகள் ஒரே அளவில் வரிசை கட்டின. என் பக்கத்தில், வெவ்வேறு கோள்களைச் சேர்ந்தவைபோல ஐந்து.

தொட்டி காலியானதும் செல்லத்துரை வந்து அவள் வரிசைக்கு முன் நின்றார். ஓர் உருண்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு உருண்டையை விட்டு அவள் கையைப் பார்த்தார். அன்னக்கிளி கையை மறைக்கவில்லை, நீட்டவும் இல்லை, மடியில் வைத்திருந்தாள்.

"நடுங்கலையே" என்றார்.

"மழைக்கு முன்னயே நின்னுருச்சு அண்ணாச்சி."

அவர் உருண்டையை வரிசையில் திரும்ப வைத்துவிட்டு, என் ஐந்தையும் பார்த்து, "இத யாரு பண்ணது?" என்று கேட்டார். கொட்டகை முழுவதும் என்னைக் கைகாட்டியது.

பதம் வருவதைப் பார்த்தும் ஏன் நாடகத்தை நிறுத்தவில்லை என்று ரமணி மாமா பிறகு அவரிடம் கேட்டார். "எப்படிங்க? அந்தப் புள்ள அப்படி அழுதுக்கிட்டிருக்கு. இப்ப முடியும், இப்ப முடியும்னு பாக்கேன், முடியவே மாட்டேங்குது. நடுவுல போயி, ஏத்தா, பாகு காயுதுன்னா நல்லாவா இருக்கும்?" கண்கள் கலங்கியிருந்தது பற்றி நானே கேட்டுத் தெளிந்தேன். புகை.

விடுதிக்குத் திரும்பும் வழியில் தேன்மொழியும் நானும் கப்பைக் கிழங்கும் மீன் குழம்பும், ரமணி மாமா தயிர்ச்சோறும் சாப்பிட்டோம். என் விரல்களில் தேன்மொழி தேங்காய் எண்ணெய் தடவியிருந்ததால், அவளே ஊட்டினாள்.

"உன் நாடகம் ஜெயிச்சுடுத்து கொழந்தே" என்றார் ரமணி மாமா.

"கருத்தினாலா மாமா, நடையினாலா?"

"நீளத்தினால."

தேன்மொழி புரையேறி இருமினாள். நான் கௌரவமாக மீனை மென்றேன். பிறகு கேட்டேன்: "நாளைக்கும் அவளை உட்கார விடுவாரா? இன்று அவசரம், கை போதவில்லை. நாளைக்குக் கொப்பரை சரியான பதத்தில் இறங்கும். பழையபடி சக்கைக்குப் போ என்று சொல்லிவிட்டால்?"

 ரமணி மாமா தட்டை வழித்தார். "தாதர்னு ஏன் சொன்னேன்னு இப்பவும் யோசிக்கறேன். ஒரு தடவையாவது, மாடியிலன்னு சொல்லியிருக்கலாம்."

மறுநாள் காலை, பேருந்துக்கு நேரமிருக்கும்போதே தனியாக ஆலைக்குப் போனேன். விரல்களில் கொப்புளம். நேற்றுக் கொட்டகையிலேயே மறந்து வைத்த கையெழுத்துப் படியை எடுத்துக்கொள்ள வந்ததாகச் சொல்லலாம் என்று ஒரு காரணம் தயார் செய்திருந்தேன். யாரும் என்னிடம் காரணம் கேட்கவில்லை. முதல் பாகு அப்போதுதான் தொட்டியில் ஊற்றப்பட்டிருந்தது. சுவரோரம் அன்னக்கிளி. அவள் ஏதோ சொல்ல, பேச்சியம்மாள் அவள் முழங்கையில் இடித்தார். அவள் அங்கே இருப்பதை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. வேலைக்குப் போகும் ஒருத்தியைப் போல் சாதாரணமாக இருந்தாள். என்னைப் பார்த்ததும் தலையசைத்துவிட்டு, இறுகும் பாகிடம் திரும்பிவிட்டாள்.

எனக்கும் ஏதாவது செய்ய வேண்டும்போல் இருந்தது. தொட்டியை நோக்கி இரண்டடி வைத்தேன்.

"வேணாத்தா," என்று செல்லத்துரை அன்போடு குறுக்கே வந்தார். "உனக்குக் கை சரியில்ல. சூடு பட்டுரும். சும்மா நிக்க வேணாம்னா, வெளிய போய்ச் சக்கையப் பாரு."

கெட்ட எண்ணமில்லை. நல்ல மனிதர்தான்.

முற்றத்தில் கழி சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. கொப்புளங்கள் படாதவாறு அதைப் பிடித்துக்கொண்டு, பேருந்தின் ஒலி வளைவில் கேட்கும்வரை சக்கையைக் கிளறினேன்.